கடலைப் பார்த்துப் பேசியவர்

பாக்கர் நாயிடம் பேசும்போது நாயைப் பார்க்கமாட்டார். கடலைப் பார்த்தபடிதான் பேசுவார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, வயதான மனிதர் ஒருவர் ஏதோ ஓதிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்த ருக்ஸானாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. படிக்கப் போகிறேன் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு மாடியேறி, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் பாக்கர் மாமா கரைக்கு வருவார். கைலிக்கு மேலே அகலமான பச்சை பெல்ட். கையில் தண்ணீர் பாட்டிலில் சுற்றிய தங்கூசி என்னும் நைலான் நரம்பு. கவிழ்த்துப் போட்டிருக்கும் ஓட்டை வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, தூண்டிலை வீசிவிட்டு, நரம்பை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் மணல் நிறத்தில் ஒரு நாய் வந்து பக்கத்தில் படுக்கும். அதன் இடது காது நுனி கிழிந்திருக்கும். கை நீட்டினால் தொட்டுவிடலாம். அந்தக் கை ஒருநாளும் நீண்டதில்லை.

ஒருநாள் காற்று திரும்பியதில் அவர் பேச்சு மாடிவரை வந்துவிட்டது.

"ஏலே, இன்னிக்குக் கொண்டக் காத்து. ஒண்ணும் ஏறாது. நீ எதுக்கு வீணாக் காத்துக் கெடக்க? போய் ஏலக்கூடத்துப் பக்கம் பாரு."

நாய் போகவில்லை. அவரும் அதற்குப் பிறகு போகச் சொல்லவில்லை.

அதிலிருந்து ருக்ஸானா பார்த்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். ராமநாதபுரத்தில் கல்லூரிக்குப் போய் விலங்கியல் படித்தாள். வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. பட்டம் வந்து, சட்டம் போட்டு சுவரில் மாட்டியாயிற்று. வேலைக்கு எழுதிப் போட்ட இடங்களிலிருந்து பதில் வரவில்லை. மறுபடியும் மாடிக்கே வந்துவிட்டாள். கீழே பாக்கர் மாமா கடலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

பாக்கரின் அத்தா இதே புதுமடத்துக் கரையில் வள்ளம் வைத்திருந்தவர். பாக்கருக்கு எழுதப் படிக்க வருவதற்கு முன்பே தங்கூசி பிடிக்க வந்துவிட்டது. விரலில் வந்து தட்டுவது மீனா, பாசியா, பாறையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார் என்று ஊரில் பெயர். அந்தக் கையோடு வாலிபத்தில் சவூதியில் தம்மாமுக்குப் போய், ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினார். பிறகு அதே கிடங்கில் பெட்டிகளை எண்ணினார். தலை நரைக்கும்வரை அங்கேயேதான். தங்கிய அறையில் எட்டுப் பேர். மேலும் கீழுமாகக் கட்டில்கள். வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, மற்றவர்கள் காதில் விழாதபடி பேச வேண்டும். மனைவி சாலிஹாவோடு அவர் நடத்திய குடும்பத்தில் பெரும்பங்கு அந்தச் சுவரைப் பார்த்து நடத்தியதுதான்.

வீடு மட்டும் பெரிதாக எழும்பியது. மாடியில் மூன்று அறைகள், வழவழப்பான தரை. அவர் ஊரோடு திரும்புவதற்கு முந்திய வருஷம் சாலிஹா இறந்துபோனார். கம்பெனி பாஸ்போர்ட்டைக் கையில் கொடுப்பதற்குள் இங்கே அடக்கம் முடிந்துவிட்டது. மகன் காஜா நவாஸ் துபாயில். மகள் சூஃபியா கல்யாணமாகி கோலாலம்பூரில். பாக்கர் மாடியைப் பூட்டி, கீழே ஒரு அறையில் பாயை விரித்துக்கொண்டார்.

ஊர் அவரை ஒதுக்கவில்லை. கல்யாணத்துக்கும் இறந்தவர்களுக்காக ஓதும் ஹத்தத்துக்கும் முதல் ஆளாக அழைப்பு வரும். போய், சகன் என்கிற பெரிய தட்டில் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் வயதுக்காரர்கள் பழைய கதையை எடுத்தால்தான் சிக்கல். அந்தக் கதைகள் நடந்தபோது அவர் ஊரில் இருந்ததில்லை. எல்லோரும் சிரிக்கும்போது கொஞ்சம் பிந்திச் சிரிப்பார். பிறகு எழுந்து கரைக்கு வந்துவிடுவார்.

நாயை ஏன் தொடமாட்டார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவும் ஒன்றுமில்லை. நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். அந்தத் தெருவில் ஓதப் போகிற பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது. அந்தி மஃரிபு தொழுகைக்கு நேரம் நெருங்குகிற பொழுதில் அதற்கெல்லாம் யார் மெனக்கெடுவது? அதனால் பிடித்த மீனில் ஒன்றைச் சிரட்டையில் போட்டு, அதைக் காலால் தள்ளி வைப்பார். நாய் தின்னும். அவர் கடலைப் பார்ப்பார்.

அது நடந்த நாளும் மற்ற நாளைப் போலத்தான் இருந்தது. பாக்கர் கணவாய்த் துண்டு ஒன்றைத் தூண்டில் முள்ளில் குத்தி, வீசுவதற்காக நரம்பை விரலில் சுற்றியிருந்தார். அப்போது போன் அடித்தது. நவாஸ், வீடியோவில். வெயில் திரையில் விழுந்ததால் முகம் தெரியவில்லை. இரை குத்திய முள்ளை வள்ளத்தின் பலகையில் வைத்துவிட்டு, கடலுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தார். அத்தனை வருஷமாக அந்த நாய் அவர் இரையைத் தொட்டதில்லை. அன்றைக்கு ஏன் தொட்டது என்று அவர் பிற்பாடு பலநாள் யோசித்தார். ஒருவேளை தன்னோடு பேசவில்லை என்றா?

விரலில் நரம்பு கனத்தது. கை சுண்டி இழுத்தது.

யோசித்துச் செய்ததல்ல. சின்ன வயதிலிருந்து விரலில் கனம் தட்டிய நொடியில் சுண்டிப் பழகிய கை. சுண்டினால்தான் முள் தைக்கும். தைத்தும்விட்டது. அதற்குப் பிறகு வந்த சத்தத்தில் ருக்ஸானா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். போன் மணலில் மல்லாந்து கிடந்தது. "அத்தா? அத்தா?" என்று அதற்குள்ளிருந்து நவாஸ் வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பாக்கர் குனிந்து, "ஒண்ணுமில்லத்தா, மீனு ஏறிருச்சு. வச்சிரு" என்று சொல்லி அணைத்தார்.

அவள் இறங்கி ஓடும்போது வலை காயவைத்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் கூடிவிட்டார்கள். நாய் தலையைத் தாழ்த்தி நின்றது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. எச்சிலோடு நரம்பும் தொங்கியது. விழுங்க முயன்று, முடியாமல், மறுபடி முயன்றது.

"ஒரு வாழப்பழத்தத் திங்கக் குடுங்க. பழத்தோட சேந்து முள்ளும் உள்ள போயிரும். நமக்கு மீன் முள்ளு சிக்குனா சோத்து உருண்டை முழுங்கலையா?" என்றான் ஜாபர் சாதிக். கரைவலைக்காரன்.

"அது மீன் முள்ளு, இது தூண்டி முள்ளுடா," என்றார் கூடியிருந்தவர்களில் ஒருவர்.

"ரெண்டும் முள்ளுதான? அப்ப நரம்ப அறுத்து விட்ருங்க. நாளைக்கு வெளிக்கிப் போகையில வந்துரும். இல்லையின்னா அது விதி."

"உனக்கு இப்படி ஆனா விதியின்னு படுத்துக்குவியா?" என்றாள் ருக்ஸானா.

"நான் கணவாய ஆக்கித்தான் திங்கிறது, புள்ள."

யாரோ சிரித்தார்கள். பாக்கர் சிரிக்கவில்லை. பிந்தியும் சிரிக்கவில்லை.

உணவுக்குழாயைப் படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவள் ருக்ஸானா. இப்போது அந்தக் குழாயில் முள் எங்கே நிற்கிறது, முதலில் செய்ய வேண்டியது என்ன, எதுவும் தெரியவில்லை. மூன்று வருஷம் படித்தது எதற்கு என்ற கேள்வி அந்த நேரத்திலும் ஒருமுறை வந்து போனது. ஆனால் ஒன்று இருந்தது. கல்லூரியில் வெறிநாய்க்கடி முகாம் நடந்தபோது வந்த கால்நடை மருத்துவர் கனகலட்சுமி தன் எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார். அவள் அதைப் போனில் வைத்திருந்தாள். கூப்பிட்டாள்.

"இழுக்காதீங்க," என்பதுதான் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை. "அறுக்கவும் செய்யாதீங்க. நரம்பு வெளியில இருந்தாத்தான் எனக்கு வழி. வாய்க்கு வெளியில ஒரு முழம் விட்டு, அது உள்ள போயிராம கழுத்துல ஏதாச்சும் பட்டையில தளர்வாக் கட்டுங்க. திங்கக் குடிக்க எதுவும் வேணாம். உடனே கொண்டு வாங்க. ராமநாதபுரத்துல என் கிளினிக்ல எக்ஸ்ரே இருக்கு."

கழுத்தில் பட்டை எங்கே இருக்கிறது? அது யார் வீட்டு நாயும் இல்லையே. எல்லோரும் கயிற்றைத் தேடினார்கள். கிடைத்தது எல்லாம் கழுத்தை அறுக்கிற கயிறு. பாக்கர் இடுப்பிலிருந்த பச்சை பெல்ட்டைக் கழற்றினார். அதன் பையிலிருந்ததையெல்லாம் ருக்ஸானா கையில் கொட்டினார். கைலியை இறுக்கிச் செருகிக்கொண்டு மண்டி போட்டார். நாயின் கழுத்தைச் சுற்றி பெல்ட்டைக் கட்டி, நரம்பை அதில் முடிந்தார். பிறகு இரண்டு கையையும் அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார்.

ஓடிப்போய் வேல்ராஜின் லோடு ஆட்டோவை மறித்து நிறுத்தியது ஜாபர் சாதிக்.

வேல்ராஜ் உச்சிப்புளியிலிருந்து கரைக்கு ஐஸ் கொண்டுவருகிறவர். பின்தட்டில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்திலேயே பாக்கர் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாயை மடியில் வைத்துக்கொண்டார். ருக்ஸானா நரம்பு எங்கும் இழுபடாமல் பிடித்துக்கொண்டாள். ராமேஸ்வரத்துக்குப் போகும் சுற்றுலா வேன்கள் எதிரே வரிசையாக வந்தன. வேல்ராஜ் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை மெதுவாக்கினார்.

"இம்புட்டுச் சூடா இருக்கும்னு நெனைக்கல," என்றார் பாக்கர்.

"என்ன மாமா?"

"ஒடம்பு. வெளியில இருந்து பாத்தா தெரியல."

கொஞ்ச தூரம் போனபின் தானாகவே பேசினார். இந்த முறை பார்ப்பதற்குக் கடல் இல்லை. நாயின் கிழிந்த காதைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கை இழுத்துருச்சு. நான் வேணும்னு செய்யல. ஆனா இழுத்தது நான்தான. இது கண்ண முழிச்சதும் மாப்பு கேக்கணும்."

முன்னாலிருந்து வேல்ராஜ் திரும்பாமலே, "நாய்கிட்டயா, பாய்?" என்றார்.

"முள்ளு அதுக்குள்ளதான இருக்கு. வேற யாருகிட்ட போய்க் கேக்க?"

வேல்ராஜுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும். ருக்ஸானாவுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு முறை பயணம் கிளம்பும்போதும் பாக்கர் மாமா தெருவில் வீடு வீடாக வந்து நின்றது அவளுக்கு நினைவிருந்தது. அங்கே எல்லோரும் செய்கிற வழக்கம்தான். "ஏதும் கொறை இருந்தா பொருந்திக்கங்க" என்பார். "பொருந்திக்கிட்டோம், போய்ட்டு வாங்க" என்று உம்மா திரைக்குப் பின்னாலிருந்து சொல்வார். அதைக் கேட்காமல் அவர் பெட்டியைத் தூக்கியதில்லை. சாலிஹா மாமியிடம் கேட்பதற்குத்தான் அவருக்கு வாய்க்கவில்லை.

கிளினிக்கில் டாக்டர் கனகலட்சுமி மேசையைத் துடைத்துத் தயாராக இருந்தார்.

"பேரு என்ன?"

"பாக்கர்."

"நாயோட பேரு."

"பேரு இல்லம்மா."

"என்னன்னு கூப்பிடுவீங்க?"

"கூப்பிட மாட்டேன். அதுவா வரும்."

எக்ஸ்ரேயில் முள் வெள்ளையாகத் தெரிந்தது. தொண்டையைத் தாண்டி, நெஞ்சுக்குள் நுழையும் இடத்தில் தைத்து நின்றது. டாக்டர் அதை விரலால் காட்டினார். ருக்ஸானா வரைந்த படத்தில் அந்த இடம் வெறும் இரண்டு கோடாக இருந்தது.

"இன்னும் கீழ போயிருந்தா மதுரைக்குத்தான் அனுப்பணும். நல்லவேளை, நரம்ப அறுக்கல," என்றவர், படத்தை மறுபடி பார்த்தார். "ஆனா யாரோ சுண்டியிருக்காங்க."

"நான்தான்," என்றார் பாக்கர்.

டாக்டர் மயக்க ஊசி போட்டார். நாய் துவண்டு சாய்ந்ததும் கடினமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து, தொங்கிய நரம்பை அதன் ஓட்டைக்குள் கோத்தார். நரம்பைப் பிடித்துக்கொண்டு, அதன் மேலேயே வழுக்கி இறங்குகிற மாதிரி குழாயைத் தொண்டைக்குள் விட்டார். குழாயின் நுனி முள்ளின் வளைவில் போய் இடித்தது. வந்த வழியில் இழுத்தால் கொக்கி இன்னும் கிழிக்கும். அதனால் முதலில் கீழே தள்ள வேண்டும். கொக்கி சதையை விட்டதும் அதைக் குழாயின் வாயோடு ஒட்டிப் பிடித்து மேலே கொண்டுவர வேண்டும். ஒருதரம் தள்ளினார், விடவில்லை. நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, குழாயைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி தள்ளினார். பாக்கர் நாயின் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். நரம்பு விறைத்துத் தளர்ந்தது தெரிந்ததும் அவர் விரல்கள் அசைந்தன. இழுக்கவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டார்.

முள் வெளியே வந்தது. கணவாய்த் துண்டும் அதில் அப்படியே இருந்தது.

"கிழிசல் சின்னதுதான்னு நெனைக்கிறேன். ரெண்டு நாள் வாய் வழியா எதுவும் இல்ல, டிரிப்ஸ்தான். நெஞ்சுக்குள்ள சீழ் வைக்காம இருந்தா பொழச்சிரும்," என்றார் டாக்டர்.

ஊர் திரும்பியதும் பாக்கர் வீட்டுக்குள் போகவில்லை. கரையோரத்து அடிகுழாயில் நின்று, மண் கரைத்த தண்ணீரால் ஒருமுறையும், பிறகு வெறும் தண்ணீரால் மீதி முறைகளும் கைகளைக் கழுவினார். கைலியையும், நாயின் கழுத்திலிருந்து கழற்றிவந்த பெல்ட்டையும் அப்படியே கழுவினார். ருக்ஸானா மாடியிலிருந்து பார்த்தாள். கடைசி முறை தண்ணீர் ஊற்றியபின் உள்ளங்கைகளை விரித்து, முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

நாய் பிழைத்துக்கொண்டது. வேல்ராஜ் ஐஸ் இறக்கிவிட்டு, ராமநாதபுரம் போய் அதை ஏற்றிவந்து கரையில் விட்டார். இறங்கிய நாய் நேராக வள்ளத்தை நோக்கி நடந்தது. அங்கே பாக்கர் எழுந்து நின்றார். நாயும் நின்றது. பிறகு பக்கவாட்டில் திரும்பி, தூரத்தில் கிடந்த வலைக்குவியலின் ஓரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

காயம் ஆறட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். காயம் ஆறியது. நாய் மட்டும் வரவில்லை. தங்கூசியைப் பார்த்துப் பயப்படுகிறதோ என்று பாக்கர் பாட்டிலோடு அதை ஜாபர் சாதிக்கிடம் கொடுத்துவிட்டார். வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார். பச்சை பெல்ட் வாசல் கம்பியில் காய்ந்துகொண்டே கிடந்தது. அதையும் கட்டவில்லை. ஏலக்கூடத்தில் சாளை மீன் வாங்கி, சிரட்டையில் வைத்துவிட்டு விலகி நிற்பார். அவர் வீட்டு வாசலை அடைந்த பிறகுதான் நாய் எழுந்து வந்து தின்னும். எழுந்துபோனால்தான் வருகிறது, இருந்தால் வருவதில்லை. அதனால் அவர் முன்னைவிடச் சீக்கிரமாகவே எழுந்துபோக வேண்டியிருந்தது.

ஒருநாள் ருக்ஸானா கீழே இறங்கி வந்து வள்ளத்தின் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, மாப்பு கேட்டீங்களா?"

"எங்கன கேக்க? பக்கத்துல வந்தாக் கேக்கலாம்னு பாக்குறேன்."

"இங்கன இருந்தே சொல்லுங்களேன். அதுக்கு என்ன தெரியப் போகுது?"

"சத்தம் போட்டுக் கேக்குற விசயமா அது?" என்றார். பிறகு, "கூப்புடலாம்னா பேரும் இல்ல. பேரு வைக்காம விட்டது தப்பாப் போச்சு. இப்ப வச்சா, அது யாரையோ கூப்புடுறாகன்னு இருக்கும்."

அவர் கண் கடல் பக்கம் போகவில்லை, வலைக்குவியலையே பார்த்தது. அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவளுக்கு நாயையும் தெரியாது, பாக்கர் மாமாவையும் மாடி உயரத்திலிருந்துதான் தெரியும். இத்தனை வருஷம் பார்த்ததைப் பழக்கம் என்று தான் நினைத்துக்கொண்டிருந்தது சரிதானா என்று முதல்தடவையாகச் சந்தேகம் வந்தது.

"நாளைக்கு வரும், மாமா," என்று மட்டும் சொன்னாள்.

"வரும், வரும்."

மழை தொடங்கிய மாதத்தில் ஒரு காலை பாக்கர் பஜர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு வரவில்லை. தொழுதுவிட்டு வந்தவர்கள் கதவைத் தட்டித் திறந்து பார்த்தபோது பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். சுவரைப் பார்த்தபடி. தூக்கத்திலேயே மவுத்தாகிவிட்டார் என்றார்கள். நவாஸ் மதுரையில் விமானத்திலிருந்து இறங்கி அசருக்கு முன்னால் வந்து சேர்ந்தான்.

ஜனாஸா தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசல் மைக்கில் அவன் பேசியது மாடியில் நின்ற ருக்ஸானாவுக்குத் தெளிவாகக் கேட்டது. அதுவும் எல்லோரும் சொல்வதுதான். "எங்க அத்தா யாருக்காச்சும் கடன் பட்டிருந்தா, யாருக்காச்சும் வாக்குக் குடுத்திருந்தா, எங்கிட்ட வந்து சொல்லுங்க. நான் பொறுப்பு ஏத்துக்கறேன். அவருமேல ஏதும் கொறை இருந்தா பொருந்திக்கங்க."

"பொருந்திக்கிட்டோம்" என்று ஆண்கள் சொல்வது இரைச்சலாக வந்தது. ருக்ஸானா கரையைப் பார்த்தாள். வலைக்குவியலின் ஓரத்தில் அது படுத்திருந்தது.

மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்து, நேர்ச்சைச் சோற்றுப் பாத்திரத்தோடு நவாஸ் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். அவனும் அத்தா மாதிரியே தோளைக் கொஞ்சம் சாய்த்து நடப்பவன். மாற்றிக் கட்டிக்கொள்ள ஒன்றும் கொண்டுவராததால் அத்தாவின் கைலியைக் கட்டியிருந்தான்.

"நவாஸ் காக்கா, மைக்குல சொன்னீங்களே, கடன் இருந்தா சொல்லச் சொல்லி," என்றாள். சொல்லும்போதே, இதைச் சொல்வதற்குத் தான் யார் என்றும் தோன்றியது.

"சொல்லும்மா. எவ்வளவா இருந்தாலும் பரவாயில்ல."

"அது இல்ல. ஒருநாள் நீங்க பேசிட்டு இருக்கையில போன் மணல்ல விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"ஆமா. மீனு ஏறிருச்சுன்னாக."

"மீனு இல்ல காக்கா."

அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் பாத்திரத்தைக் கையிலேயே வைத்திருந்தான். சிரிக்கவில்லை. "எங்கன இருக்கு?" என்று மட்டும் கேட்டான். அவள் காட்டினாள்.

அவன் தங்கள் வீட்டு வாசல் கம்பியில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தான். பாத்திரத்தைத் திறந்து ஒரு கறித்துண்டை எடுத்துக்கொண்டான். மணலில் இறங்கி, வலைக்குவியலை நோக்கி மெதுவாக நடந்தான். அந்த நடையையும் கைலியையும் நாய் தலையை உயர்த்திப் பார்த்தது. காதை ஒருமுறை அசைத்தது. பிறகு எழுந்தது. உடம்பை உதறிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.